அரிவாள்மனை மேல் போட்ட பழி

1

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். பெரிய கேக். அதன் மேல் பச்சை கிரீமில் ஆயிரம் என்று எண் போட்டிருந்தது. ஆயிரம் நாளாக ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை நடந்திருக்கிறதாம். மேலாளர் பேசினார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். எனக்கு இடது கையில் மூன்று விரல்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் இதே தொழிற்சாலையில், இதே ஆயிரம் நாளுக்குள்தான் போயின.

இதைக் கேட்டுச் சிரிப்பீர்களோ திட்டுவீர்களோ தெரியாது. நான் கேக்கை வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன டவுன். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காய்கறி நறுக்கிப் பையில் அடைக்கிற இடம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு முட்டைக்கோஸை வெட்டக்கூட நேரமில்லை, நாங்கள் வெட்டி அனுப்புகிறோம். நுழைகிற வாசலில் ஒரு பலகை தொங்கும். 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் அட்டை. தினமும் காலையில் ஒன்று கூடும். என் விரல் போன அன்று அதில் நாற்பத்தொன்று இருந்தது. மறுநாள் நாற்பத்திரண்டு. நான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன், பலகை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அட்டையை மாற்றுகிறவர் யாரோ எவரோ இல்லை. என் அக்கா மல்லிகாவின் வீட்டுக்காரர், எங்கள் மச்சான் சுப்பையா.

2

மச்சான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷம். என்னை இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். விசாவுக்கு அலைந்தது, ரூம் பார்த்தது, முதல் குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவர். அப்போது அவர் எங்கள் ஷிப்டுக்குத் தலைவர். ஊரில் என் கல்யாணத்துக்கு வந்ததைவிட அவர் லீவில் வந்தால் அதிகக் கூட்டம் வரும்.

கோஸ் வெட்டுகிற மிஷினுக்கு மேலே ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் கத்தி தானாக நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கோஸ் இலை அடிக்கடி சிக்கும். திறந்து, எடுத்து, மூடி, மறுபடி ஓட விட்டால் ஷிப்டில் பாதி அதற்கே போய்விடும். அதனால் மச்சான் ஒரு வேலை செய்துவைத்திருந்தார். மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிவிட்டார். மூடி மூடியே இருப்பதாக மிஷின் நம்பிக்கொள்ளும். கத்தி ஓடிக்கொண்டே இருக்கும், நாம் கையை விட்டு இலையை எடுத்துக்கொள்ளலாம்.

"எல்லா ஷிப்டும் இப்புடித்தான் மாப்ள. மூடித் தெறந்துக்கிட்டு இருந்தா நாம வேல பாத்த மாதிரிதான்" என்றார்.

நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம் கையை விட்டேன். அவ்வளவுதான். வலி பிறகுதான் வந்தது. முதலில் கண்ணில் பட்டது கோஸ் சிவப்பாகிக்கொண்டே போனதுதான்.

மச்சான் ஓடி வந்தார். துண்டைச் சுற்றி, என்னைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அது வருவதற்குள் நேரமாகிவிடும் என்றார். மனுஷன் எனக்காக இப்படித் துடிக்கிறாரே என்று அந்த வலியிலும் எனக்குக் கண் கலங்கியது. போகிற வழியில் சொன்னார்.

"இங்க பாரு மாப்ள. வேலையில நடந்துச்சுன்னு சொன்னா ஆபீசருங்க வருவாங்க, விசாரண வரும். ஒன் விசாவக் கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்க. சுமதிக்கும் பாப்பாவுக்கும் விசாவுக்குக் குடுத்திருக்கோம்ல, அதுவும் போயிரும். வீட்டுல நடந்துச்சுன்னு சொல்லு."

"வீட்டுல எப்புடி மச்சான்?"

ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அது பச்சையாவதற்குள் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அக்கா வீட்டுல அருவாமனையில கோஸு நறுக்குன. கை சறுக்கிருச்சு. அம்புட்டுதான்."

என் ஆயுசில் நான் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தது கிடையாது. எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அது எந்தப் பக்கம் கூர் என்பதே தெரியாது, வெட்கம்தான். டாக்டருக்கு அந்தப் பொருள் புரியவில்லை. மச்சான் செல்போனில் அதன் படத்தைத் தேடிக் காட்டினார். டாக்டர் அதை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, இதையா வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நம்பிவிட்டார். நறுக்கென்று போன வெட்டு, காயத்தில் கோஸ் இலை. நம்பாமல் என்ன செய்வார்!

இதில் இன்னொரு கூத்து. அந்த அரிவாள்மனையை வாங்கியதே நான்தான். ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன் என்றதும் அக்கா போனில் கேட்ட ஒரே சாமான் அது. ஆவுடையார்கோவில் கடைவீதியில் வாங்கி, சாக்கில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

3

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். "நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று மச்சான் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் வாசலில் கார் நிற்கிறது. உள்ளே அக்கா கொடுத்தனுப்பிய இட்லி. புண் ஆறும் வரை கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

"ரூம்ல தனியாக் கெடந்தா மனசு கெட்டுப் போயிரும் மாப்ள. சும்மா வந்து உக்காரு போதும். லேபிள அடுக்கு, முடியலையா, அதுவும் வேணாம்."

ஆறு வாரமும் இப்படி. தினமும் கூட்டிப்போவார், கொண்டுவந்து விடுவார். உள்ளே நுழைந்ததும் என் வருகை அட்டையை அவரே வாசல் மிஷினில் தேய்ப்பார். நான் கட்டுப் போட்ட கையோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்பேன். என் மனைவி சுமதி அங்கே அழுவாள், நான் இங்கே அழுவேன். அவளிடமும் அரிவாள்மனை என்றுதான் சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னாலும் பரவிவிடும் என்று மச்சான் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆறு மாதத்தில் சுமதியும் பாப்பாவும் வந்து சேர்ந்தார்கள். மச்சான் சொன்னபடி நடந்ததால்தான் விசா கிடைத்தது என்று நானும் நம்பினேன்.

4

ஆத்தாவிடம் பொய் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவள் போனில் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அந்த அருவாமனைய என்னைக்குடா வாங்குன?" யோசித்துப் பார்த்துச் சனிக்கிழமை என்றேன். போச்சு.

"சனிக்கெழம யாராச்சும் இரும்பு வாங்குவாகளா? படிச்சவன்தானே நீயி?"

ஒன்பது சனிக்கிழமை எள் விளக்குப் போட்டாள். ஊர் முழுக்க இதே பேச்சு. சனிக்கிழமை இரும்பு வாங்கி விரலைத் தொலைத்தவன் என்று எனக்கே பேர் வந்துவிட்டது. இப்போது எங்கள் பக்கம் சனிக்கிழமை ஆணிகூட எவனும் வாங்குவதில்லை என்று சித்தப்பா சொன்னார். அந்தக் கடைக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

போன வருஷம் அக்கா மகளுக்கு ஊரில் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். பந்தல் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் நான் இரண்டு கையையும் கூப்பி நிற்கிறேன், பத்து விரலும் இருக்கிறது. ஸ்டூடியோக்காரனிடம் சொல்லிக் கம்ப்யூட்டரில் இரண்டு விரலை ஒட்டவைத்திருந்தார் மச்சான். "கொறையாத் தெரியக் கூடாதுல்ல மாப்ள" என்றார். அதையும் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாளை எங்கே போய்த் தேடுவீர்கள்!

5

கேக்குக்கு வருகிறேன். தட்டோடு ஒதுங்கி நின்றபோது ஹாலினா பக்கத்தில் வந்தாள். போலந்துக்காரி, அறுபதை நெருங்குகிறவள், பொட்டலம் போடுகிற வேலை. தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு அவளைத் தங்கள் பிரதிநிதியாகப் போன மாதம்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவள் ஜெர்மன் பேச்சும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரியும். என் கையை முட்கரண்டியால் காட்டி, "இது வீட்டில் நடந்ததா?" என்று கேட்டாள்.

"ஆமாம், வீட்டில்."

"அன்றைக்கு அந்த மிஷினைக் கழுவியது நான். சிவப்பாக இருந்தது. பீட்ரூட் என்று உன் மச்சான் சொன்னார். அன்றைக்கு பீட்ரூட் ஓடவே இல்லை."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். நான்தான் வெளியே சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியதாக மச்சான் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சொந்தக்காரர்களில் இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

விசா போயிருக்குமே என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேலையில் அடிபட்டால் யாரையும் நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இதற்கென்றே கம்பெனி காப்பீடு கட்டுகிறது. கை விட்டது என் தப்பாகவே இருந்தாலும் சிகிச்சை உண்டு, நிரந்தரக் குறைக்கு அவர்கள் சோதித்துப் பார்த்து நஷ்ட ஈடும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாத காயம் என்றால் கம்பெனி கட்டாயம் அரசாங்கக் காப்பீட்டுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஐரோப்பா முழுக்க எடுக்கிற விபத்துக் கணக்கிலும் மூன்று நாளைத் தாண்டியதைத்தான் சேர்ப்பார்களாம்.

"டாக்டர் உனக்கு எத்தனை நாள் எழுதினார்?"

"ஆறு வாரம்."

"அந்தத் தாள் எங்கே?"

மச்சான் சட்டைப்பையில். நாலாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்ற கார் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இட்லி புரிந்தது. என் அட்டையை அவரே தேய்த்தது புரிந்தது. ஆள் தினமும் வேலைக்கு வருகிறானே, பிறகென்ன விபத்து! ஆய்வுக்கு ஆபீசர் வந்தால் முதலில் அந்தக் காந்தத்தைப் பார்ப்பார், அடுத்து அதை ஒட்டியவர் யாரென்று கேட்பார். பலகை நூறைத் தாண்டியதும் மச்சானை அந்தத் தளம் முழுக்கப் பொறுப்பாளர் ஆக்கினார்கள்.

காந்தம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கேக் தின்ற கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மிஷினில் இப்போது வேலை செய்கிறவர் எங்கள் ஊர்ப்பக்கத்து மீமிசல்காரர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவரையும் கொண்டுவந்தது மச்சான்தான்.

இப்போது எழுதிக் கொடுத்தாலும் விசாரிப்பார்கள் என்றாள் ஹாலினா. வேலையில் நடந்தது என்று காட்ட வேண்டும், நேரில் பார்த்தவர் வேண்டும். அவள் கழுவியதைச் சொல்வாள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அரிவாள்மனை என்று எழுதியதில் உன் கையெழுத்து இருக்கிறதே, அதை முதலில் பார் என்றாள்.

6

அடுத்த வாரமே, அரிவாள்மனை என்று எழுதிய அந்தத் தாளின் நகலை மருத்துவக் காப்பீட்டு ஆபீசில் போய் வாங்கினேன். ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்று பார்ப்பதற்காக அவர்கள் கேள்வித்தாள் அனுப்புவார்கள். அப்போது மச்சான்தான் நிரப்பினார், மாத்திரை மயக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஜெர்மனை இன்றைக்கும் என்னால் முழுக்கப் படிக்க முடியாது. மகள் யாழினியிடம் கொடுத்தேன். பதினோரு வயது. தமிழ் பேசச் சொன்னால் பாதி பேசிவிட்டுப் பாதியை ஜெர்மனில் முடிப்பாள்.

"அத்தை வீட்டுல காய் வெட்டினாங்க. அப்போ விரல் கட் ஆச்சு." நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அப்பா, நீங்க காய் வெட்டவே மாட்டீங்களே! அம்மா எவ்ளோ திட்டுவாங்க!"

பதினோரு வயதுப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்த பொய்.

"இங்க சாட்சின்னு இருக்கு. யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க, என்னால படிக்க முடியல."

வாங்கிப் பார்த்தேன். கிறுக்கல் இல்லை, தமிழ். ஜெர்மன் எழுத்தையே தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது பிடிபடவில்லை, எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. 'சு.மல்லிகா'. முன்னெழுத்து மட்டும்தான் மாறியிருந்தது, மற்றபடி பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கையெழுத்து, கடைசியில் அதே ஒரு கோடு. என் பரீட்சை மார்க் அட்டையில் அப்பா பெயரைக் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து என்னை அடியிலிருந்து காப்பாற்றியவளும் இவள்தான்.

மச்சான் ஏமாற்றினார், சரி, அவர் வந்தவர். இவள் எனக்குக் கூடப் பிறந்தவள்.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதே அரிவாள்மனை. மச்சான் வாசல்படியில் நின்றார். நகலை அவள் முன்னால் வைத்தேன்.

"இது தெரிஞ்சே போட்டியாக்கா?"

அக்கா அடுத்த பீன்ஸை எடுத்தாள். மச்சான்தான் பேசினார்.

"யாரு மாப்ள ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறது? அந்தப் போலந்துக்காரியா? ஒன்னயக் கொண்டாந்து ஆளாக்குனவன் நானு. என்மேலயே எழுதிக் குடுக்கப் போறியா?"

"உங்க மேல இல்ல மச்சான். நடந்தத நடந்தபடி எழுதப் போறேன். அந்தக் காந்தம் இன்னும் அங்கயேதான இருக்கு? மீமிசல்காரருக்கும் ரெண்டு கையிதான?"

"எழுதுனா என் வேல போயிரும். ஒங்கக்காவும் பிள்ளையும் தெருவுல நிக்கும். யோசிச்சுக்க." அவர் வெளியே போய்விட்டார்.

நான் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நீ நிஜத்தைச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நான் கேட்பது அவ்வளவுதான் என்றேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"ரெண்டு வெரலுதானடா. அதான் ஆறிப் போச்சுல்ல."

நான் எழுந்துவிட்டேன். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "இருந்து சாப்புட்டுப் போடா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அந்த வீட்டில் சாப்பிடாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

8

திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் ஹாலினா கொடுத்த படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு, எழுதும் முன் ஆத்தாவுக்குப் போன் போட்டேன். வேறு யார் வாயிலிருந்தும் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். இத்தனை நாள் பொய் சொன்னதற்கு அவள் காலில் விழவேண்டும் போலிருந்தது.

"ஆத்தா, ஒன்கிட்ட ஒன்னு மறைச்சுட்டேன். என் வெரலு அருவாமனையில போகல. கம்பெனி மிஷின்ல போச்சு."

அந்தப் பக்கம் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்டா."

"என்னது?"

"ஒங்கக்கா அன்னைக்கே போன்ல சொல்லி அழுதா. மருமகனுக்கு வேல போயிரும், யார்கிட்டயும் சொல்லிராத ஆத்தான்னா. நான் என்ன பண்ணட்டும்? அவ ஒரு எடத்துல வாழ வேணாமா? நீ ஆம்பளப் பிள்ள, எப்புடியும் பொழைச்சுக்குவ."

"அப்ப சனிக்கெழமன்னு சொன்னது?"

"நாந்தான் ஊருக்குள்ள சொல்லி விட்டேன். அருவாமனை என்ன வாயத் தெறந்து பேசவா போகுது?"

நான் அவளுக்குத் தெரியாதென்று உருகிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"பெறகு ஒம்பது சனிக்கெழம எள் வெளக்குப் போட்டியே ஆத்தா, அது எதுக்கு?"

"ஊரு நம்பணும்ல."

போனை வைத்துவிட்டேன். படிவத்தில் எங்கே என்ற கேள்விக்குத் தொழிற்சாலை என்று எழுதினேன். எதனால் என்ற கேள்விக்கு மிஷினின் பெயரை யாழினி ஏற்கெனவே ஒரு துண்டுத் தாளில் ஜெர்மனில் எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள், அதைப் பார்த்து எழுதினேன். காந்தத்தையும் எழுதினேன். அடுத்து சாட்சி. ஹாலினாவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, சாட்சி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். உறவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.